நாய்க்குட்டியைப் பச்சை இறைச்சிக்கு மாற்றும்போது வயிறு கெட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை இறைச்சி உணவு என்று எதைச் சொல்கிறோம்?

சமைக்காத தசை இறைச்சி, அரைத்த எலும்பு, ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் ஆகியவற்றை அளவோடு கலந்து கொடுக்கும் உணவு. சிலர் கொஞ்சம் காய்கறியும் சேர்ப்பார்கள். கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும் தயார் கலவையும் இதில் அடக்கம், வீட்டிலேயே கலப்பதும் அடக்கம். குட்டி என்று வரும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஏன் என்று கீழே 80:10:10 பற்றிய கேள்வியில், கால்சியத்தைப் பேசும் இடத்தில் பார்க்கலாம்.

நாய் ஓநாய் வம்சம்தானே? அதற்கு இதுதானே இயற்கையான உணவு?

வம்சம் சரி. ஆனால் மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாயின் குடலும் மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் அரிசியோ கோதுமையோ நாய்க்கு விஷம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பச்சை இறைச்சியில் நாய்கள் நன்றாகவே வாழ்வதுண்டு, நல்ல உலர் உணவிலும் அப்படியே. ‘இயற்கை’ என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கலவையில் இந்தக் குட்டி ஒழுங்காக வளருமா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம். தாயைப் பிரிந்த பதற்றம், புது இடம், புதுத் தண்ணீர் என்று அதன் வயிறு ஏற்கெனவே கலங்கித்தான் இருக்கும். அதுவரை சாப்பிட்டுவந்த உணவையே கொடுங்கள். தடுப்பூசி போட்ட நாளிலும், பூச்சி மருந்து கொடுத்த நாளிலும், அதற்கு அடுத்த இரண்டு நாட்களிலும் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். தொடங்கினால், வயிறு கெட்டது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

என் விருப்பத்தைக் கேட்டால், 16 வாரத்தில் முடியும் முதல் தடுப்பூசி வரிசைக்குப் பிறகு தொடங்குவது நல்லது. குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றால் வரும் கழிச்சலும் உணவு மாறியதால் வரும் கழிச்சலும் முதல் நாளில் ஒரே மாதிரி இருக்கும். தடுப்பூசி முடிந்த குட்டி என்றால் அந்தப் பயமாவது குறையும். வளர்ந்ததும் 32 கிலோவைத் தாண்டக்கூடிய பெரிய இனக் குட்டி என்றால், எலும்பு வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது.

எந்த வீட்டில் இதைத் தொடங்கவே கூடாது?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோரில் ஒருவர் இருக்கும் வீட்டில் வேண்டாம். பச்சை இறைச்சி தின்னும் நாய் எந்த நோய்க்குறியும் இல்லாமலே சால்மொனெல்லா கிருமியை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். குட்டியோ மலத்தை மிதிக்கும், அப்புறம் வந்து முகத்தை நக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் இருந்தே சமைக்காத விலங்குப் புரதத்தை வளர்ப்பு விலங்குகளுக்குக் கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. அதற்கு முக்கியக் காரணம் இந்தக் கிருமிகள்தான்.

80:10:10 விகிதத்தில் கொடுத்தால் போதும் என்கிறார்களே?

80 பங்கு தசை இறைச்சி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு (அதில் பாதி ஈரல்) என்பது கணக்கு. நினைவில் வைக்க வசதியானது. ஆனால் அதை முழுமையான உணவு என்று சொல்ல முடியாது. வைட்டமின் ஈ, வைட்டமின் டி, துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், ஒமேகா-3 ஆகியவை இதில் குறைந்துபோகும். வளர்ந்த நாய் இந்தக் குறையைக் கொஞ்ச காலம் தாங்கும். குட்டிக்கு அந்த அவகாசம் இல்லை.

இதைவிட முக்கியமானது கால்சியம். தசை இறைச்சியில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் 15 முதல் 20 மடங்கு அதிகம். குட்டிக்குத் தேவையோ ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 1.2 பங்கு கால்சியம். எலும்பு இல்லாமல் வெறும் இறைச்சி மட்டும் தின்னும் குட்டியின் உடல், ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்டத் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். சில வாரங்களில் குட்டி நொண்டும், கால் வளையும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். வெறும் இறைச்சி மட்டும் கொடுத்து வளர்க்கப்பட்ட குட்டிகளிடம் இதைக் கால்நடை மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்த்துவருகிறார்கள்.

அதற்காகக் கால்சியத்தை அள்ளிப் போடவும் கூடாது. சுமார் ஆறு மாதம்வரை குட்டியின் குடலுக்கு, கூடுதலாக வரும் கால்சியத்தை உள்ளே விடாமல் தடுக்கும் திறன் சரியாக வந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பகுதி உடலில் ஏறிவிடும். பெரிய இனக் குட்டிகளில் இது மூட்டு, எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளில் கொண்டுபோய் விடும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ, வளரும் குட்டிகளின் உணவில் ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 1.2 சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய இனங்களுக்கு உச்சவரம்பு 1.8 சதவீதம். இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள். கைக்கணக்கில் அடிக்கக்கூடிய விஷயமில்லை இது.

வயிற்றுப்போக்கு வந்தால் எல்லோரும் பதறுகிறோம். அது கண்ணுக்குத் தெரிகிறது, தரையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. கால்சியக் கோளாறு தினமும் அழகாக மலம் போகும் குட்டிக்குள்ளேயே சத்தமில்லாமல் வளரும். ஆகவே ‘குட்டிகளின் வளர்ச்சிக்கு ஏற்ற முழுமையான உணவு’ என்று உறையில் தெளிவாக எழுதிய தயார் கலவையை வாங்குங்கள். இல்லையென்றால், கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் உங்கள் குட்டிக்கென்று எழுதித்தரும் சமையல் குறிப்பைக் கிராம் தவறாமல் பின்பற்றுங்கள். இரண்டும் முடியாது என்றால், குட்டி வளரும்வரை இந்தத் திட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பது?

எட்டு முதல் 12 வாரக் குட்டிக்கு உடல் எடையில் 8 முதல் 10 சதவீதம் என்று தொடங்கி, வளர வளரக் குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். வளர்ந்த நாய்க்கு இது 2 முதல் 3 சதவீதத்தில் வந்து நிற்கும். கலவையில் கொழுப்பு கூடினால் இந்தக் கணக்கு தப்பும் என்பதால், கலோரி கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5 கிலோ குட்டி ஓய்வாக இருந்தாலே நாளுக்குச் சுமார் 234 கலோரி செலவாகும். நான்கு மாதம்வரை அதன் மூன்று மடங்கு, அதாவது 700 கலோரி அளவில் தேவை. அதற்குப் பிறகு இரண்டு மடங்கு போதும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கையில் லேசாகத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

இந்த அளவை நான்கு மாதம்வரை நாளுக்கு நான்கு வேளையாகவும், அப்புறம் மூன்று வேளையாகவும் பிரியுங்கள். வயிறு கெடும் குட்டிகளில் கணிசமானவற்றுக்கு உணவில் கோளாறே இருக்காது, ஒரே வேளையில் அதிகம் தின்றிருக்கும்.

எப்படி மாற்றுவது? ஒரேயடியாகவா, மெதுவாகவா?

மெதுவாக. வளர்ந்த நாய்க்கு 7 முதல் 10 நாள் போதும் என்பார்கள். குட்டிக்கு இரண்டு வாரம், வயிறு மென்மையான குட்டிக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு நாள் பத்தில் ஒரு பங்கு மட்டும் புது உணவு. மலம் கெட்டியாக இருந்தால் கால் பங்கு, பிறகு அரை, பிறகு முக்கால். ஒவ்வொரு படியிலும் குறைந்தது மூன்று நாள் நில்லுங்கள். நாட்காட்டியைப் பார்த்து நகர வேண்டாம், மலத்தைப் பார்த்து நகருங்கள்.

பங்கு என்றால் எடையில் பங்கு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம்கூட இராது, பச்சைக் கலவையில் 70 சதவீதம்வரை இருக்கும். 100 கிராம் உலர் உணவில் 350 முதல் 400 கலோரி. அதே எடைப் பச்சைக் கலவையில் 150 முதல் 200தான். ஆகவே 20 கிராம் உலர் உணவை எடுத்தால், அதன் இடத்தில் ஏறக்குறைய 40 முதல் 45 கிராம் பச்சைக் கலவை வரவேண்டும். எடைக்கு எடை மாற்றிக்கொண்டே போனால் குட்டி மெலிந்துவிடும், பசியில் கண்டதையும் தின்னும், அதனாலேயே வயிறு கெடும்.

தொடக்கத்தில் ஒரே விலங்கின் இறைச்சியில் நில்லுங்கள். கொழுப்பு குறைந்ததாக இருக்கட்டும், கோழி என்றால் தோலை நீக்கிவிடுங்கள். தயார் கலவை வாங்குபவர்கள் உள்ளுறுப்பைப் பிரிக்க முடியாது, அளவை மட்டும் மெதுவாகக் கூட்டினால் சரி. வீட்டில் கலப்பவர்கள் அரைத்த எலும்பையோ கால்சியத்தையோ முதல் நாளிலிருந்தே சேருங்கள். ஈரலை மட்டும் கடைசியில் வையுங்கள், பட்டாணி அளவில் தொடங்கி. ஈரல் சட்டென்று வயிற்றை இளக்கிவிடும். அதிகமானால் வைட்டமின் ஏ உடலில் தேங்கவும் செய்யும்.

உலர் உணவையும் பச்சை இறைச்சியையும் ஒரே வேளையில் கலக்கக் கூடாதாமே?

இரண்டும் வெவ்வேறு வேகத்தில் செரிக்கும், கலந்தால் வயிற்றில் அழுகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலான குட்டிகள் கலந்ததைத் தாங்கும். உங்கள் குட்டிக்குச் சேரவில்லை என்று தெரிந்தால், காலையில் ஒன்று, மாலையில் மற்றது என்று பிரித்துக் கொடுங்கள். ஈரக் கலவை பட்ட உலர் உணவைத் தட்டிலேயே விட்டுவைக்காதீர்கள்.

மலம் இளகிவிட்டது. ‘உடலில் இருந்த நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். உண்மையா?

இல்லை. நச்சைக் கையாள்வது கல்லீரலும் சிறுநீரகமும். அதற்காகக் குட்டி நாள்கணக்கில் கழிய வேண்டியதில்லை. உணவு மாறும்போது மலம் இளகுவதற்குக் காரணங்கள் எளியவை. குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் புது உணவுக்கு மாற நாளாகும். கொழுப்பு திடீரென்று கூடியிருக்கலாம், அளவு அதிகமாகியிருக்கலாம், ஈரல் சீக்கிரம் நுழைந்திருக்கலாம், இறைச்சியில் கிருமி இருந்திருக்கலாம். ‘நச்சு’ என்று பெயர் வைத்துவிட்டால் இவற்றில் எதையும் தேடத் தோன்றாது. அதுதான் எனக்கு இந்தப் பேச்சின் மேல் உள்ள கோபம். ‘இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்’ என்று காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் ஒரு சின்னக் குட்டியின் உடல் நீர் வற்றிவிடும்.

மலத்தைப் பார்த்து என்ன புரிந்துகொள்ளலாம்?

நிறைய. பச்சை இறைச்சி தின்னும் குட்டியின் மலம் முன்பைவிடச் சிறியதாக, கெட்டியாக, நாற்றம் குறைந்து இருக்கும். இது இயல்பு.

வெள்ளையாக, சுண்ணாம்பு போல உதிர்ந்தால் எலும்பு அதிகம். கோழி இறக்கையில் ஏறத்தாழ பாதி எடை எலும்புதான், இறக்கையாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். பளபளவென்று எண்ணெய்ப் பசையோடு இளகினால் கொழுப்பு அதிகம். கருமையாகவும் கொஞ்சம் இளகலாகவும் இருந்து, முந்தைய வேளையில் ஈரல் போயிருந்தால், பெரும்பாலும் ஈரல்தான் காரணம். ஈரல் கொடுக்காமலே தார் போலக் கறுத்து ஒட்டினால் அது மேல்குடலில் கசியும் ரத்தமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

சிறிது சிறிதாக, அடிக்கடி, முக்கி முக்கிப் போய், சளியும் ஓரிரு துளி சிவப்பு ரத்தமும் தெரிந்தால் பெருங்குடல் எரிச்சல் அடைந்திருக்கிறது. நிறைய அளவில், தண்ணீராக, எடையும் குறைந்துகொண்டே வந்தால் சிறுகுடலில் கோளாறு. மருத்துவர் முதலில் கேட்பதும் இதைத்தான் என்பதால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

லேசாக வயிறு கெட்டால் வீட்டில் என்ன செய்வது?

முதலில் குட்டியைப் பாருங்கள். விளையாடுகிறது, தின்னக் கேட்கிறது, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி இல்லை, மலம் மட்டும் இளகியிருக்கிறது என்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அரைப் பங்கில் கெட்டது என்றால் கால் பங்கு. மூன்று நாள் மலம் கெட்டியாக வந்தபின் மறுபடி ஏறலாம், இந்த முறை இன்னும் சிறிய படியாக.

கொஞ்சம் அதிகமாகவே இளகியிருந்தால் பச்சை இறைச்சியை முழுவதும் நிறுத்துங்கள். தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி ஒரு பங்கு, குழைய வெந்த சாதம் இரண்டு பங்கு, உப்பு, மசாலா, எண்ணெய் எதுவும் இல்லாமல். சிறு சிறு அளவாக நாளுக்கு ஐந்தாறு முறை. இதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் மூன்று நாளுக்கு மேல் இதிலேயே ஓட்ட வேண்டாம். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் அதிலுள்ள நார்ச்சத்து நீரை இழுத்துக்கொள்ளும். நாய்களுக்கென்று தயாரித்த புரோபயாட்டிக் தூள் (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் கொண்டது) கொடுப்பதில் தவறில்லை.

வீட்டில் இருக்கும் மாத்திரைகளைத் தொடாதீர்கள். பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் நாய்க்கு நஞ்சு. மனிதர்கள் கழிச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் லோபரமைடு என்ற மருந்து கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் ஒரு மரபணு மாற்றம் உள்ள நாய்களின் மூளையைத் தாக்கும். மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், சாதாரணக் கழிச்சல் அது இல்லாமலே அடங்கிவிடும்.

ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு சரியாகிவிடும் என்கிறார்களே?

அது வளர்ந்த நாய்க்குச் சொன்ன பழைய யோசனை. குட்டியைப் பட்டினி போடக் கூடாது. நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டியிடமும், சிவாவா போன்ற சிற்றினக் குட்டியிடமும் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்புவரை போய்விடும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால். கழிச்சலில் ரத்தம் தெளிவாகத் தெரிந்தால். குட்டி சுருண்டு படுத்து, கூப்பிட்டால் எழவில்லை என்றால். ஒரு வேளைக்கு மேல் தின்ன மறுத்தால், குடித்த தண்ணீரையும் கக்கினால், வயிறு உப்பி வலித்தால். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இல்லாமல் விரலில் ஒட்டினால் நீர் வற்றுகிறது என்று பொருள். தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையைக் குட்டியிடம் பெரிதாக நம்ப முடியாது.

தடுப்பூசி முடியாத குட்டிக்கு இவற்றில் எது வந்தாலும் பார்வோ இல்லை என்று உறுதியாகும்வரை உணவைக் குறை சொல்லாதீர்கள். கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாளில் அறிகுறி தொடங்குவது வழக்கம், சில குட்டிகளில் இரண்டு வாரம்வரை ஆகலாம். மருத்துவரின் மேசையிலேயே சில நிமிடங்களில் முடிவு தெரியும் சோதனை இருக்கிறது. நேரத்தில் சொட்டுநீர் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன.

மலச்சிக்கல் ஆகிவிட்டால்?

பெரும்பாலும் எலும்பைக் குறைத்தாலே தீரும். உணவில் தண்ணீர் கலந்து கொடுங்கள், மசித்த பரங்கிக்காய் இதற்கும் உதவும். முக்கிக்கொண்டே இருக்கிறது, இரண்டு நாளாக எதுவும் வரவில்லை, வாந்தியும் இருக்கிறது என்றால் எலும்பு அடைத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதிகாலையில் மஞ்சளாக வாந்தி எடுக்கிறது.

வெறும் வயிற்றில் பித்தநீர் மேலே வருவது. குட்டி மற்றபடி நன்றாக இருந்தால், இரவு படுக்கும் முன் ஒரு சிறு வேளை சேர்த்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தொடர்ந்தால் அது வேறு விஷயம்.

எலும்பை முழுதாகக் கடிக்கக் கொடுக்கலாமா?

வெந்த எலும்பு எந்த வயதிலும் கூடாது, அது கூர்மையாகச் சிதறிக் குடலைக் குத்தும். பச்சையாக இருந்தாலும் மாட்டின் கால் எலும்பு போன்ற கெட்டி எலும்புகள் பல்லை உடைக்கும். மாறும் காலம் முழுவதும் அரைத்த எலும்போடு நின்றுகொள்ளுங்கள்.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

சில ஒட்டுண்ணிகள் சாகும். சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் உறைந்து தூங்கும், உருகியதும் எழுந்துகொள்ளும். உறைய வைத்து உலர்த்திய கலவையும் அப்படித்தான். உயர் அழுத்தத்தில் பதப்படுத்தியது என்று உறையில் இருந்தால் கிருமி கணிசமாகக் குறைந்திருக்கும், முற்றிலும் போயிருக்கும் என்ற உறுதி இல்லை. குளிர்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து உருக்குங்கள், சமையல் மேடையில் வேண்டாம். குட்டி 20 நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

குடல் தாண்டியும் ஒரு ஆபத்து உண்டு. பச்சைக் கோழி தின்னும் நாய்களிடம், பின்னங்காலில் தொடங்கி உடல் முழுவதும் தளர்ந்துபோகும் ஒரு நரம்பு நோய்க்கான வாய்ப்பு கூடுவதாக மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் சொன்னது. கேம்பைலோபேக்டர் கிருமியின் மேல் அவர்களுக்குச் சந்தேகம். அரிதான நோய்தான். ஆனாலும் கோழியில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பச்சைப் பன்றி இறைச்சி. ஆவுஜெஸ்கி நோய் வைரஸ் உள்ள பகுதிகளில் அது நாய்க்கு எமன், உறைய வைப்பதை மட்டும் நம்ப முடியாது. பச்சை மீனைத் தினமும் கொடுக்க வேண்டாம், சில மீன்களிலுள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். ஆய்வு செய்யப்படாத ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகக் கொடுத்தால் நாய்க்கு நாடாப்புழு வரும், அதன் முட்டையால் வீட்டு மனிதர்களுக்கு ஈரல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் நீர்க்கட்டி வரலாம். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் கூடாது.

மூன்று வாரம் ஆகியும் மலம் சரியாகவில்லை. வேறு இறைச்சிக்கு மாறலாமா?

அதற்கு முன் மலப் பரிசோதனை செய்யுங்கள். குட்டிகளிடம் ஜியார்டியா, காக்சிடியா, உருண்டைப் புழு போன்ற குடல் ஒட்டுண்ணிகள் எல்லாம் சகஜம். நேற்றுவரை சும்மா இருந்தவை, உணவு மாறிக் குடல் கலங்கியதும் தலைதூக்கும். ஜியார்டியா ஒரேயொரு மல மாதிரியில் தட்டுப்படாமல் போகலாம், அடுத்தடுத்த மூன்று நாள் மாதிரிகளைக் கொடுப்பது நல்லது.

பரிசோதனையில் எதுவும் இல்லை என்றால் ஒருமுறை மட்டும் வேறு விலங்கின் இறைச்சியை முயன்று பாருங்கள். அதிலும் தேறவில்லை என்றால் பழைய உணவுக்கே திரும்புங்கள். அல்லது நிபுணரின் குறிப்புப்படி சமைத்துக் கொடுங்கள். சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பது மிகை, தயமின் போன்ற சில வைட்டமின்கள் குறையும், குறிப்பு எழுதுபவர் அதையும் சேர்த்தே கணக்குப் போடுவார். கிருமிப் பயம் தீரும். எலும்பை மட்டும் வேகவைக்காமல், அதற்குப் பதில் அளந்த கால்சியத் தூளைச் சேர்க்கச் சொல்வார்கள்.